பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?

2025 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். மவுண்ட் ரோட்டில இறங்கி நடக்க ஆரம்பிச்ச உடனே தூறல். அந்தத் தெருவுக்கும் மழைக்கும் அப்படி என்ன ஒப்பந்தமோ தெரியல, நான் எப்போ போனாலும் பெய்யும். வேலை சின்ன வேலைதான். 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கணும். வீட்டு லேப்டாப்பில இடம் இல்லன்னு தினமும் சிவப்புக் கோடு காட்டுது. பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழா வீடியோ மட்டுமே 60 ஜிபி. (மூணு மணி நேர விழாவில என் பொண்ணு மேடையில நின்னது நாலு நிமிஷம். மிச்சம் எல்லாம் அடுத்தவங்க புள்ளைங்க. அழிக்கலாம்னா தங்கமணி விடமாட்டேங்கறாங்க.)

கடையில ஒரு பையன். இருபது இருபத்திரெண்டு வயசு இருக்கும். விலை கேட்டேன். என் முகத்தைக்கூட பார்க்காம, "அண்ணே, பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?" அப்படின்னான்.

"ரெண்டும் சொல்லுப்பா."

"பில்லோட 6,400. மூணு வருஷம் கம்பெனி வாரண்டி. பில் இல்லாம 4,900. அதே பீஸ்தாண்ணே. வாரண்டி மட்டும் கிடையாது. எதுனா பிரச்சினைன்னா ஒரு மாசத்துக்குள்ள எடுத்துட்டு வாங்க, நானே மாத்தித் தர்றேன்."

ஆயிரத்து ஐநூறு ரூபா வித்தியாசம். உண்மையைச் சொல்றேன், கை பர்ஸ் பக்கம் போயிடுச்சு. நடுத்தர வர்க்கத்துக்காரனோட கை அது. தள்ளுபடின்னு கேட்டாலே தானா போகும்.

ஆனா எனக்கு ஹார்ட் டிஸ்க்கும் வாரண்டியும்னா ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. அதனால "ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டு வெளியில வந்து, டீக்கடை ஓட்டுக்குக் கீழ நின்னுகிட்டு போன்ல கால்குலேட்டரைத் திறந்தேன்.

முதல்ல அந்த 1,500 எங்கேயிருந்து வருதுன்னு பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 6,400ங்கறது வரியோட சேர்ந்த விலை. வரியை எடுத்துட்டா சுமார் 5,424. அதாவது பில் போடாம வித்தா கடைக்காரர் எனக்காக விட்டுக்கொடுக்கிற மாதிரி காட்டுற 976 ரூபா அவர் காசே இல்ல, அரசாங்கத்துக்குப் போக வேண்டிய காசு. (அதை நான் பங்கு போட்டுக்கறது சரியா தப்பாங்கறது தனிக் கதை. தப்புதான். ஆனா அன்னிக்கு டீக்கடையில நிக்கறப்போ அந்த யோசனை எனக்கு ரெண்டாவதாத்தான் வந்துச்சு.) சரி, 976 போச்சு. மீதி 524 ரூபா எங்கேயிருந்து வருது? இந்த வியாபாரத்தில ஒரு டிஸ்க்குக்கு 500 ரூபா லாபமே பெரிசுன்னு அங்க கடை வச்சிருக்கிற பழைய நண்பர் ஒருத்தர் சொல்லியிருக்கார். அப்புறம் எப்படி 524 குறைக்க முடியும்? "அதே பீஸ்தாண்ணே"ங்கறது அப்பவே கொஞ்சம் இடிச்சுது.

அடுத்து, வாரண்டிக்கு என்ன மதிப்புன்னு பார்த்தேன். இது எல்லாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான், ஆனா யாரும் போடறதில்ல. அமெரிக்காவில பேக்பிளேஸ்னு ஒரு கம்பெனி இருக்கு. ஊரான் வீட்டு ஃபைலை எல்லாம் காசு வாங்கிட்டு பத்திரமா வச்சிருக்கறதுதான் தொழில். லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க் ஓட்டறாங்க. எந்தக் கம்பெனி டிஸ்க், எந்த மாடல், எத்தனை செத்துச்சுன்னு 2013ல இருந்து விடாம வெளியிடறாங்க. 2024 முழுசுக்கும் அவங்க சொன்ன கணக்கு 1.57 சதவீதம். நூறு டிஸ்க் ஒரு வருஷம் ஓடினா ஒண்ணு, ஒன்றரை சாகும்.

ஆனா அது ஏசி போட்ட ரூம்ல, அசையாம, ரேக்ல உக்கார்ந்திருக்கிற டிஸ்க். நம்ம வீட்டு டிஸ்க் அப்படியா? பைக் டேங்க் பைல குலுங்கும். எழுதிக்கிட்டு இருக்கறப்பவே பொண்ணு ஒயரைப் பிடுங்குவா. அதனால தாராளமா வருஷத்துக்கு அஞ்சு சதவீதம்னு வச்சுக்கிட்டேன். இது ஆராய்ச்சி இல்ல, என் குத்துமதிப்பு. மூணு வருஷத்துக்கு 15. 6,400ல 15 சதவீதம் 960 ரூபா. அதிலயும் கீழ விழுந்து செத்தா வாரண்டி கிடையாது, தண்ணி பட்டா கிடையாது. மாத்திக் கொடுத்தாலும் பல தடவை வர்றது புது டிஸ்க் இல்ல, சரி பண்ணின பழசு. அதுக்கான வாரண்டியும் பொதுவா பழைய டிஸ்க்ல மிச்சம் இருந்த நாளுக்குத்தான். சர்வீஸ் சென்டருக்கு ரெண்டு தடவை ஆட்டோ. எல்லாம் கழிச்சா அந்த மூணு வருஷ வாரண்டியோட மதிப்பு ஐநூறு, அறுநூறு ரூபா தேறினா அதிகம்.

ஆக, அறுநூறு ரூபா சமாச்சாரத்தை விட்டுக்கொடுத்தா ஆயிரத்து ஐநூறு தர்றான். கணக்குப்படி பில் இல்லாததை வாங்கறவன்தான் புத்திசாலி!

இப்படி யோசிச்சு வாங்கினவங்க நிஜமாவே இருக்காங்க. அதே பேக்பிளேஸ்தான். 2011 அக்டோபர்ல தாய்லாந்தில பெரிய வெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க்ல ஒரு பெரிய பங்கை அங்கதான் செஞ்சுகிட்டு இருந்தாங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள்ள தண்ணி புகுந்து மெஷின் எல்லாம் முங்கிப் போச்சு. சில வாரத்தில டிஸ்க் விலை ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. ஆனா பாருங்க, கம்ப்யூட்டருக்குள்ள போடற டிஸ்க் விலை ஏறின வேகத்துக்கு, கடையில அட்டைப் பெட்டியில விக்கற எக்ஸ்டெர்னல் டிஸ்க் விலை ஏறல. பேக்பிளேஸ்காரங்க என்ன பண்ணினாங்க? ஊழியர்கள், அவங்க சொந்தபந்தம், சிநேகிதங்க எல்லாரையும் காஸ்ட்கோ மாதிரி கடைகளுக்கு அனுப்பினாங்க. ஆளுக்கு ரெண்டுதான்னு கடையில போர்டு. ரேஷன் கடையில சர்க்கரை வாங்கற மாதிரி ஊர் ஊரா போய் ரெண்டு ரெண்டா வாங்கிட்டு வந்து, பிளாஸ்டிக் கூட்டை உடைச்சு உள்ள இருக்கிற டிஸ்க்கை எடுத்து ஓட்டினாங்க. கூட்டை உடைச்ச டிஸ்க்குக்கு எவன்கிட்ட போய் வாரண்டி கேக்கறது? தெரிஞ்சேதான் செஞ்சாங்க. விலை வித்தியாசம் வாரண்டியோட மதிப்பை விட பெரிசு, அவ்வளவுதான்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இன்னொரு கூத்தும் நடந்துச்சு. 2011 டிசம்பர்ல வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் சில உள் டிஸ்க்குகளோட வாரண்டியைக் குறைச்சாங்க. ஒருத்தர் மூணு வருஷத்தை ரெண்டாக்கினார். இன்னொருத்தர் சில மாடலுக்கு ஒரே வருஷம்னார். டிஸ்க் தரம் ஒரே ராத்திரியில குறைஞ்சிடுச்சா? இல்ல. அப்போ வாரண்டிங்கறது டிஸ்க்கோட ஆயுசுக்கு ஜாதகம் இல்ல. கம்பெனி தன் சௌகரியத்துக்கு எழுதற சீட்டு. விலையும் ஏத்தி வாரண்டியும் குறைச்சா எங்க போய் முட்டிக்கறது? அதுக்கு அடுத்த வருஷத்துக்குள்ள ஹிட்டாச்சி டிஸ்க் வியாபாரம் வெஸ்டர்ன் டிஜிட்டல்கிட்டயும் சாம்சங் டிஸ்க் வியாபாரம் சீகேட்கிட்டயும் போயிடுச்சு. இன்னிக்கு உலகத்தில ஹார்ட் டிஸ்க் செய்யறவங்க மூணே பேர், தோஷிபாவையும் சேர்த்து. இவன் சரியில்லன்னா அவன்கிட்ட போறேன்னு வீராப்பா சொல்றதுக்கு ஆள் பாக்கி இல்ல.

சரி, டீக்கடைக்கு வருவோம். கணக்கு பில் இல்லாத பக்கம் சாயுது. அப்போ ஏன் வாங்கல?

இங்கதான் அந்தப் பழைய பாக்கியைச் சொல்லணும். (கொசுவத்தி சுருள் சுத்துது...)

எங்க பெரிய மாமா நாதஸ்வரக்காரர். அம்மாவோட அண்ணன். மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயில்ல வாசிச்சார். பெரிய பேரெல்லாம் எடுக்கல. சென்னையில ஒரு கச்சேரி வாசிச்சதில்ல, ரேடியோவில வந்ததில்ல. ஆனா திருவிழா ஊர்வலத்தில நடு ராத்திரி தாண்டி அவர் தோடி எடுத்தா பக்கத்து ஊர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சு வந்தவங்க எல்லாம் திண்ணையிலயே விடிய விடிய உக்கார்ந்திருப்பாங்கன்னு அப்பா சொல்லுவார். அந்த அப்பாதான் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு 1982லேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் மாமா பின்னாடியே சுத்தினார். 43 கேசட். மாமா 2006ல தவறிட்டார். அந்த 43 கேசட்டைத் தவிர அவர் வாசிச்சதுக்கு உலகத்தில வேற சாட்சி கிடையாது.

2012 பிப்ரவரியில நான் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கினேன். 1 டெரா. வெள்ளத்துக்கு அப்புறம் விலை எகிறியிருந்த நேரம். 6,200 சொன்னதை, ஏதோ தள்ளுபடின்னு 5,400க்குக் கொடுத்தாங்க. முறையான பில், மூணு வருஷ வாரண்டி. அதை வச்சுதான் கேசட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சேன். கேசட்டை ஏத்தறதுல குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டை ஏத்த ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆகணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அஞ்சாறு மாசம். சில கேசட்ல பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. பஞ்சால துடைச்சு, ரீலைப் பென்சில்ல சுத்தி... அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் புரியும்.

2013ல வீடு மாத்தினோம். பரண்ல இருந்த கேசட் மூட்டையைப் பார்த்து, "இது எல்லாம்தான் டிஸ்க்ல இருக்கே"ன்னு நானேதான் சொன்னேன். பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துட்டுப் போனார். இதை இப்ப எழுதறப்பகூட கை கொஞ்சம் நிக்குது.

2014 ஜூன்ல டிஸ்க் டக்... டக்... டக்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. கேட்டவங்களுக்குத் தெரியும், அது சாவு மேளம். உள்ள தட்டு சுத்தறப்போ, அதைப் படிக்கிற முனை தட்டுல படாம மேல மிதக்கும். இடைவெளி சில நானோமீட்டர்தான். நம்ம தலைமுடியோட தடிமன்ல பல ஆயிரத்தில ஒரு பங்கு. அந்த முனை போனா இந்தச் சத்தம்தான். டேட்டா மீட்கிற கடை ஒண்ணுக்குக் கொண்டுபோனேன். பார்த்துட்டு, "ஹெட் போயிருக்கு சார். தூசி இல்லாத ரூம்ல பிரிச்சு வேற ஹெட் மாத்தித்தான் எடுக்கணும். 22,000 ஆகும். கிடைச்சா மட்டும் காசு கொடுங்க. ஆனா ஒண்ணு, பிரிச்சா உங்க வாரண்டி போயிடும், பார்த்துக்கங்க"ன்னார்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதுல விழுந்துச்சு. இன்னும் எட்டு மாசம் வாரண்டி இருக்கு. புது டிஸ்க் சும்மா கிடைக்கும். 22,000 கொடுத்து, கிடைக்கிற வாரண்டியையும் தொலைக்கணுமா? 5,400 ரூபா டிஸ்க்குக்கு யாராவது 22,000 செலவு பண்ணுவானா? அன்னிக்கு சாயங்காலமே சர்வீஸ் சென்டர்ல கொடுத்துட்டேன். மூணு வாரத்தில வேற டிஸ்க் வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. காலியா இருந்துச்சு.

கம்பெனி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாத்தினாங்க. வாரண்டி அட்டையில தெளிவா போட்டிருந்தான், உள்ள இருக்கிற தகவலுக்குப் பொறுப்பில்லன்னு. நான்தான் டப்பாவோட விலையையும் உள்ள இருந்ததோட விலையையும் ஒரே தராசுல வச்சேன். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுப் படிச்சேன், சில கம்பெனிகள், தாங்க அங்கீகரிச்ச மீட்பு நிறுவனம் பிரிச்சா வாரண்டி போகாதுன்னு விதியே வச்சிருக்காங்களாம். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கத் தோணல.

இப்போ கைவசம் மிச்சம் என்ன தெரியுமா? ரெண்டு ஃபைல். ஏத்தி முடிச்ச சமயத்தில, சிங்கப்பூர்ல இருக்கிற மாமா பையனுக்கு "உங்க அப்பா தோடி கேளு"ன்னு மெயில்ல அனுப்பினது. ரெண்டும் சேர்த்து 14 நிமிஷம். அவன் மெயிலை அழிக்கிற பழக்கம் இல்லாதவன், சோம்பேறி. அதனால பொழைச்சுது. அதுல பின்னாடி ஒரு கைக்குழந்தை அழும். அது நான்தான்னு அம்மா சொல்லுவாங்க. பில், வாரண்டி, தள்ளுபடி எதுவும் இல்லாம, ஒரு பைசா செலவில்லாம போன அந்த மெயில்தான் மிஞ்சினது.

இதனாலதான் டீக்கடையில கணக்கு பில் இல்லாத பக்கம் சாஞ்சும் எனக்கு மனசு ஒப்பல. "அப்போ வாரண்டி முக்கியம்னு சொல்ல வர்றியா?"ன்னா, இல்ல. நேர் எதிர். பேக்பிளேஸ்காரங்க வாரண்டி இல்லாம வாங்கினாங்கன்னா, அவங்க ஒரு ஃபைலை ஒரே டிஸ்க்ல நம்பி வைக்கறதில்ல. ஒண்ணு ரெண்டு செத்தா மத்த டிஸ்க்கை வச்சு ஃபைலைத் திரும்ப உண்டாக்கிடுவாங்க. டிஸ்க் சாவு அவங்களுக்கு பல்பு பியூஸ் போன மாதிரி. நாம ஒரே ஒரு டிஸ்க்கை வாங்கி, அதுலயே குடும்ப வரலாறு மொத்தத்தையும் போட்டுட்டு, வாரண்டி இருக்கா இல்லையான்னு கவலைப்படறோம்.

அதே சமயம் வாரண்டி "இல்ல"ங்கறதுல ஒரு சேதி இருக்கு. அதைத்தான் நாம படிக்கணும். டீயைக் குடிச்சுட்டு திரும்பப் போய் அந்தப் பையன்கிட்ட, "அந்த 4,900 பீஸைக் காட்டுப்பா"ன்னேன். பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. மேல சுத்தின பிளாஸ்டிக் தாள் மட்டும் கொஞ்சம் புதுசா, கம்பெனி ஒட்டினது மாதிரி இல்லாம இருந்துச்சு. பெட்டி மேல இருக்கிற சீரியல் நம்பரை கம்பெனி தளத்தில போட்டுப் பார்த்தேன். (இது யாரும் செய்யலாம். ரெண்டு நிமிஷ வேலை.) இந்தியாவில இந்தப் பொருளுக்கு வாரண்டி இல்லன்னு வந்துச்சு. அதாவது வேற ஏதோ நாட்டில விக்கறதுக்காகச் செஞ்சது.

"இது எப்படிப்பா இங்க வந்துச்சு?"

"லாட்ல வர்றதுண்ணே."

"எந்த லாட்?"

"என்னண்ணே, கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி கேக்கறீங்க" அப்படின்னு சிரிச்சான். நல்ல பையன்தான். அவனுக்கும் தெரியாது. தெரியாதுங்கறதுதான் விஷயம்.

ஏன்னா 2025 ஜனவரியில ஜெர்மனியில ஒரு சமாச்சாரம் வெடிச்சுது. ஹைஸங்கற கம்ப்யூட்டர் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. சீகேட்டோட பெரிய சர்வர் டிஸ்க்குகளை புதுசுன்னு நினைச்சு வாங்கினவங்க ஆராய்ஞ்சு பார்த்தா, அது ஏற்கனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடினது. டிஸ்க்குக்குள்ள எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு ஒரு மீட்டர் இருக்கும். அதை யாரோ பூஜ்யமாக்கி வித்திருக்காங்க, பழைய கார் மீட்டரைத் திருப்பற மாதிரியே. சீகேட் டிஸ்க்ல அதுக்கும் உள்ள இன்னொரு மீட்டர் இருக்கு. அதைத் திருப்ப மறந்துட்டாங்க, மாட்டிக்கிட்டாங்க. கிரிப்டோ காசு தோண்டறதுக்கு, முக்கியமா சியான்னு ஒரு காசுக்கு, ஆயிரக்கணக்கில டிஸ்க் வாங்கி ஓட்டினவங்க கடையை மூடினப்போ வந்த சரக்குன்னு பேசிக்கிட்டாங்க. நாங்க அதை விக்கலன்னு சீகேட் சொல்லிடுச்சு. அப்புறம் மலேசியாவில கோலாலம்பூர் பக்கத்துக் கிடங்கு ஒண்ணுல ரெய்டே நடந்துச்சு. அங்க ஏமாந்தவங்கள்ல முறையான கடையில, பில் போட்டு வாங்கினவங்களும் உண்டு. ஆனா பில் இருந்ததால திருப்பிக் கேக்க ஒரு ஆள் இருந்தான். பில் இல்லாதவன் யாரைக் கேப்பான்? நம்ம ஊர்ல 1915னு நுகர்வோர் உதவி எண் இருக்கு. 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில புகார் கொடுக்க கட்டணம்கூட கிடையாது. ஆனா முதல் கேள்வியே, "ரசீது இருக்கா?"

அதனால என் கட்சி இதுதான். தள்ளுபடியைப் பார்த்து பயப்படவேண்டாம், ஆனா ஏன் தள்ளுபடின்னு கடைக்காரர் ஒரு வாக்கியத்தில சொல்லணும். தீபாவளி ஆஃபர், சரி. புது மாடல் வந்துடுச்சு, பழசைத் தள்ளறோம், சரி. அட்டைப் பெட்டி நசுங்கிடுச்சு, ரொம்ப சரி. "லாட்ல வர்றது" சரியில்ல. பழைய மாடலைத் தள்ளிவிடறப்போ ஒண்ணு மட்டும் கவனிக்கணும். கிடங்குல ஒரு வருஷம் தூங்கின டிஸ்க்கா இருந்தாலும் பில் இருந்தா வாரண்டி வாங்கின தேதியிலேர்ந்து ஓடும். பில் தொலைஞ்சா, கம்பெனி அதை செஞ்ச தேதியிலேர்ந்தோ அனுப்பின தேதியிலேர்ந்தோதான் பெரும்பாலும் கணக்கு வைக்கும். அதனால பில் வாங்கின உடனே ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க. தெர்மல் பேப்பர் பில் ஆறு மாசத்தில வெள்ளைத் தாளாயிடும்.

(ஆன்லைன்ல "16 டெராபைட், 1,999 ரூபா"ன்னு வர்றதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அதை வாங்கறவங்களுக்கு சொல்லிப் புரியவைக்க முடியாது. உள்ள ஒரு மெமரி கார்டை பசை வச்சு ஒட்டியிருப்பான்.)

இன்னொண்ணு. வாரண்டியிலயே நிஜமா காசு பெறுமானம் உள்ள ஒரு பகுதி உண்டு. சீகேட்டோட ஒன் டச் மாதிரி சில மாடல்ல, செத்துப்போனா டேட்டாவை மீட்டுத் தர முயற்சி பண்ற சேவையையும் சேர்த்தே தர்றாங்க. நான் 2014ல 22,000 கொடுக்கத் தயங்கின சமாச்சாரம். கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல, முயற்சி பண்ணுவாங்க, அவ்வளவுதான். ஆனா அதை வாங்கறவங்கள்ல எத்தனை பேருக்கு அது பெட்டிக்குள்ள இருக்குன்னே தெரியும்? வாங்கின உடனே பதிவு பண்ணிக்கங்க.

வாரண்டியில மாத்தறதுக்குக் கொடுக்கறப்போ இன்னொரு சங்கடமும் இருக்கு. செத்த டிஸ்க்ல உங்க ஆதார் நகல், வருமான வரித் தாள், குடும்பப் படம் எல்லாம் இருக்கும். செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. அதை அப்படியே முன்பின் தெரியாதவங்க கையில கொடுக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர், வாரண்டி இருந்தும் கொடுக்காம, மொட்டை மாடியில வச்சு சுத்தியலால அடிச்சு உடைச்சார். அவர் கிளையன்ட் கணக்கு எல்லாம் அதுல. அவருக்கு அந்த மூணு வருஷ வாரண்டியோட மதிப்பு பூஜ்யம். அது மாதிரி ஆளுங்க முதல் நாளே கடவுச்சொல் போட்டு என்க்ரிப்ட் பண்ணிட்டா சுத்தியல் தேவைப்படாது.

கடைசியில நான் வாங்கினது: அந்தப் பையன்கிட்டயே பில்லோட ஒண்ணு. பேரம் பேசி 6,250. "அண்ணே, இவ்வளவு கேள்வி கேட்டு பில்லோட வாங்கறீங்களே"ன்னு அவனுக்கு ஆச்சரியம். அப்புறம் ரெண்டு கடை தள்ளி, வேற கம்பெனியோட 2 டெரா, பெட்டி ஓரம் நசுங்கினது. அதுவும் பில்லோட, முழு வாரண்டியோட 5,600. ரெண்டையும் ஒரே கம்பெனியில வாங்காதது வேணும்னுதான். ஒரே நாள்ல, ஒரே தொழிற்சாலையில செஞ்சது ரெண்டும் ஒரே வியாதியில சாகலாம். ஆக மொத்தம் 11,850. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முடிய வேண்டிய வேலை.

"தள்ளுபடியில வாங்கப் போறேன்னு சொன்னீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நசுங்கின பெட்டியைக் காட்டினேன். என்னையும் பெட்டியையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். ஓடின நேரம் பூஜ்யமும் ஒண்ணும். ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் எழுதிப் படிச்சுப் பார்க்கிற சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். புது டிஸ்க் சாகறதா இருந்தா முதல் சில வாரத்திலயே செத்துட்டா நல்லது, கடையிலயே மாத்திக்கலாம். அதனால உடனே நம்பி எதையும் நகர்த்தாம, ஒரு மாசம் லேப்டாப்ல இருக்கிறதை அழிக்காமலேயே வச்சிருந்தேன். சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பழகிடுச்சு.

ஒரு டிஸ்க் எங்க வீட்டு பீரோவில. இன்னொண்ணு தாம்பரத்தில மச்சான் வீட்டில, அவங்க பட்டுப் புடவை வைக்கிற தட்டுல, பழைய துண்டுல சுத்தி. பொங்கலுக்குப் போறப்போ இதை அங்க வச்சுட்டு அதை எடுத்துட்டு வந்தோம். ஆடிக்கு மறுபடியும் மாத்தணும். ரெண்டுலயும் முதல் ஃபோல்டர் மாமாவோட தோடிதான், 14 நிமிஷம். மாமா பையன்கிட்ட போன வாரம்கூட சொன்னேன், அந்த மெயிலை அழிச்சுடாதடான்னு. "எந்த மெயில்?"ங்கறான்.